காய்ந்தால் ஒன்று, ஊறினால் ஒன்று

பிப்ரவரி 12, திங்கட்கிழமை. எட்டே காலுக்கு ஹெப்பாளில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினேன். பையை லாக்கரில் வைத்து, கோட் மாட்டி, தராசைச் சரிபார்த்தேன். பிறகு, வெள்ளிக்கிழமை முதல் வேக்குவம் ஓவனில் காய்ந்துகொண்டிருந்த கண்ணாடித் தகடுகளை வெளியே எடுத்தேன்.

எங்கள் வேலை, கதீட்டர் குழாய்கள்மேல் மெல்லிய பாலிமர் படலம் பூசுவது. உடம்புக்குள் போகும் குழாயில் ரத்தத்திலுள்ள புரதம் ஒட்டினால், அதன்மேல் ரத்தம் உறையத் தொடங்கும். தண்ணீரை விரும்பும் மேற்பரப்பில் புரதம் எளிதில் ஒட்டாது. அதனால் முதலில் படலத்தைத் தகட்டில் பூசி, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டு நீர் வைத்து, அது தகட்டைத் தொடும் கோணத்தைக் கேமராவில் அளப்போம். சொட்டு பரவினால் பாஸ். முத்தாக நின்றால் ஃபெயில்.

அன்று எல்லாத் தகட்டிலும் முத்தாக நின்றது.

அந்தப் பாலிமரைச் செய்தவர் பழனிச்சாமி, எங்கள் சிந்தசிஸ் கெமிஸ்ட், கொங்குத் தமிழ் பேசும் மார்டள்ளிக்காரர். வெளிநாட்டிலிருந்து நாங்கள் வாங்கும் பாலிமரில் தண்ணீரை விரும்பும் நீண்ட பகுதியும், விரும்பாத பகுதியும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் இணைந்திருக்கும். அதே இரண்டு பொருள்களை அதே விகிதத்தில் எடுத்து அவர் சீப்பு மாதிரி கட்டியிருந்தார். தண்ணீரை விரும்பாதது முதுகெலும்பு. விரும்புவது அதில் தொங்கும் குட்டைப் பற்கள்.

கன்னடம் கலந்து பேசும் டைரக்டர் நாகராஜ் கேமராத் திரையைப் பார்த்தார்.

"ஏனு மேடம் இது, தாமரை எலையா? தண்ணி உருண்டு ஓடுது! பழனிச்சாமி, சீப்பு பண்ணீங்க, சரி. தலையாவது வாரிக்கலாமா இதுல?"

சொல்லிவிட்டு அவரே திரையை அணைத்தார்.

"நாளைக்குக் காலையில ஹத்து மணிக்கு, பத்துக்கு, பழைய சரக்குக்கே ஆர்டர் போட்டுடறேன். சிந்தசிஸ் ரூம் க்ளோஸ். நீங்க பேக்கிங் செக்‌ஷன் பாத்துக்குங்க. ஆயித்தா, சரியா?"

அவர் போனதும் பழனிச்சாமி என்னிடம் சொன்னார்: "அட்டப்பொட்டி மடிக்கறதுக்குங்களாக்கா நான் கெமிஸ்ட்ரி படிச்சேன்?"

ஃபெயில் ஆன பேட்சாக இருந்தாலும் மீதிச் சோதனைகளை முடிக்காமல் நான் மூடுவதில்லை. படலம் உரிகிறதா என்று பார்க்க, அதே பேட்சின் சில தகடுகள் சலைனில், அதாவது உப்புநீரில், ஊறிக்கொண்டிருந்தன. மதியம் ஒன்றை எடுத்து உதறினேன். படலம் உரியவில்லை. ஆனால் அதன்மேல் இருந்த நீரும் உருண்டு ஓடவில்லை. விரித்த துணிபோல் ஒரே சீராக நின்றது.

"அக்கா, அது என்ற ஃபிலிம்தானுங்களா, நான் பண்ணுனது?" என்று பழனிச்சாமி எட்டிப் பார்த்தார்.

"உங்க பேட்ச் நம்பர்தான் இருக்கு."

அதே தகட்டை ஓவனில் காயவைத்துச் சொட்டு விட்டேன். முத்து. திரும்பச் சலைனில் ஊறவைத்து எடுத்தோம். நீர் பரவி நின்றது.

பழனிச்சாமி தாளில் வரைந்து காட்டினார். காற்றில் இருக்கும்போது முதுகெலும்பு மேலே வந்துவிடுகிறது, பற்கள் உள்ளே மடங்குகின்றன. தண்ணீர் பட்டதும் பற்கள் தாமாகவே வெளியே திரும்புகின்றன. பழைய பாலிமரின் நீண்ட பகுதி காய்ந்தாலும் முழுதாக உள்ளே மடங்காது. அதனால் காயவைத்து அளக்கும் முறை இத்தனை வருடம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நாகராஜைக் கூப்பிட்டோம்.

"அப்போ ரிப்போர்ட்ல எந்தக் கோணம் போடறது? நனக்கு ஒரே நம்பர் பேக்கு, ஒண்ணுதான் வேணும்."

"ஒடம்புக்குள்ள எங்கீங்க சார் காயுது? எந்நேரமும் ஈரந்தானுங்களே," என்றார் பழனிச்சாமி.

"ஆனா பாக்கெட்லேருந்து காய்ஞ்சுதானே உள்ள போகுது?" என்றேன். "அது திரும்பறதுக்குள்ள புரதம் ஒட்டிக்கிட்டா?"

பழனிச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீங்க யார் பக்கமுங்க?"

"குழாய் போட்டுக்கப் போறவங்க பக்கம்."

நாகராஜ் வாட்சைப் பார்த்தார். "நாளைக்கு ஹத்து மணி. அதுக்குள்ள சொல்லுங்க."

பச்சையாக ஒளிரும் சாயம் சேர்த்த ஆல்புமின் புரதக் கரைசலில் காய்ந்த தகடு ஒன்றையும், சலைனில் ஊறிய தகடு ஒன்றையும் ஒரே நேரம் வைத்திருந்து கழுவினோம். வெளிச்சம் படாத டப்பாவில் மூடி வைத்துவிட்டு பஸ் பிடித்தோம்.

அன்று பஸ்ஸில் யோசித்தது இதுதான். என்னென்ன பொருள், எவ்வளவு என்று நாங்கள் எப்போதும் கேட்போம். அவை எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன, எந்த இடத்தில் வேலை செய்யப் போகின்றன என்பதையும் கேட்டுவிட்டுத்தான் சோதனை முறையைத் தேர்ந்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டு தகடுகளையும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். காய்ந்த தகடு முழுக்கப் புரதம் ஒட்டிய பச்சைத் திட்டுகள். ஊறிய தகடு கறுப்பாகவே இருந்தது. பழனிச்சாமி இரண்டு தடவை பார்த்தார். நான் நாகராஜுக்கு போன் செய்தேன்: "ஆர்டர் போடாதீங்க சார். ஆனா நம்ம குழாய் சலைன்ல ஊறினபடியேதான் பாக்கெட்டுக்குள்ள இருக்கணும்."