குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் மூணாவது மாடி

எங்க தொழில்ல குத்துறது டாக்டரு, எண்ணுறது நானு. எட்டு ஊசி உள்ள போச்சுன்னா எட்டு ஊசி வெளிய வரணும். நடுவுல படுத்திருக்குற பேஷண்ட்டு தும்முனாலும் சரி, தூங்குனாலும் சரி, கணக்கு என்னுது. திருவள்ளூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, மூணாவது மாடி, லிஃப்ட்டுக்குப் பக்கத்துல சின்ன ரூமு. கதவுல 'அக்குபஞ்சர்'னு போர்டு. குடல்ல கேன்சர் வந்து ஆபரேஷன் ஆனவங்கதான் எங்களாண்ட நெறைய வருவாங்க. வாந்தி, தூக்கம் வராதது, வயிறு நவுராம கெடக்குறது, இதுக்கெல்லாம் சீன வைத்தியத்துல ஊசி இருக்கு.

எங்க டாக்டர் ஹேமலதா மேடம் ஆர்.கே.பேட்டைப் பொண்ணு. சீனாவுக்கே போயி, அந்த பாஷையிலயே இந்த வைத்தியத்தப் படிச்சுட்டு வந்தவங்க. நானு கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனில பேக்கிங் வேல பாத்துக்கினே நைட் ஸ்கூல்ல படிச்சு, அப்புறம் இங்க அசிஸ்டன்ட்டா வந்து சேந்தவன். யாருக்காச்சும் தொணைக்குப் போயி ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒக்காந்து முதுகு ஒடிஞ்சவங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான். ஒங்களுக்கு நான் சொல்றது புரியும்.

சத்தம் வந்துச்சா?

குடல்ல கத்தி வெச்சா அது மொறச்சிக்கினு ரெண்டு மூணு நாளு வேல செய்யாது. காத்து பிரிஞ்சாத்தான் அது முழிச்சிக்கிச்சின்னு அர்த்தம். அதனால பெரிய டாக்டருல இருந்து வார்டு கூட்டுற அம்மா வரைக்கும் காலைல கேக்குற ஒரே கேள்வி, "சத்தம் வந்துச்சா?" கும்மிடிப்பூண்டில இரும்பு மில்லுல ஃபர்னஸ் ஆபரேட்டரா இருக்குற தனபாலு அண்ணனுக்கு நாலாவது நாளும் சத்தம் வரல. வயிறு உப்பிக்கினு கெடக்குது. ஆபரேஷன் பண்ண டாக்டரே எங்க மேடத்தக் கூப்புட்டாரு.

மேடம் முட்டிக்கு நாலு விரக்கட கீழ ஊசி போட்டாங்க. "பஞ்சாயத்து வயித்துல, கால்ல இன்னாம்மா வேல?"ன்னாரு தனபாலு. "சுவிட்சு ஒரு செவுத்துல, லைட்டு ஒரு செவுத்துல இருக்கறதில்லியா அண்ணே?"ன்னு கேட்டுட்டு வராண்டாவுல நாலு நடை நடக்கவும் வெச்சாங்க.

மறுநாளு சாயங்காலம் அவரு சம்சாரம் கன்னியம்மா, வார்டு மொத்தத்துக்கும் கேக்குற மாதிரி "வந்துடுச்சி, வந்துடுச்சி"ன்னு அழுதுகினே ஓடியாந்தாங்க. நர்ஸுங்க கையே தட்டிட்டாங்க. ஊசியாலயா, நடந்ததாலயான்னு மேடத்தக் கேட்டேன். "தெரியலப்பா, தானாவும் வந்திருக்கலாம்"ன்னாங்க. தெரியலன்னு வாயத் தொறந்து சொல்ற டாக்டர அன்னிக்குத்தான் பாத்தேன். தனபாலு படுத்த வாக்குல சம்சாரத்தப் பாத்து சொன்னாரு: "அஞ்சு நாளு லாக்-அவுட்டுக்கு அப்புறம் மில்லு ஓடுதுடி, எதுக்கு அழுவுற?"

ஏழு ஊசி

வரதன் சுவாமின்னு ஒருத்தரு. கோயில் மடப்பள்ளில தளிகை பண்றவரு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா தூக்கம் போயிடுச்சி. தூக்கத்துக்கு உச்சந்தலையில ஒரு ஊசி உண்டு. குடுமிய அவுத்து, வகுடு பிரிச்சு மேடம் அதப் போட்டாங்க. அரமணி நேரம் நல்லா கொறட்ட உட்டாரு. நான் ஊசிங்கள எடுத்துக்கினே வரேன், நடுவுல போனு அடிக்குது. திரும்புறதுக்குள்ள சுவாமி எழுந்து, பழக்க தோஷத்துல குடுமிய முடிஞ்சிக்கினு, நமஸ்காரம் சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. போட்டது எட்டு, தட்டுல எண்ணுனா ஏழு.

பெட்டுக்கு அடில தேடுனேன், தலகாணி உறைய உதறுனேன். அப்புறம்தான் உச்சந்தல ஞாபகம் வந்து மூணு மாடியும் எறங்கி ஓடுனேன். ஷேர் ஆட்டோவுல ஒரு கால வெச்சிட்டாரு. "சாமி, குடுமிய அவுருங்க!"ன்னு நடுரோட்ல கத்துறேன், ஜனம் என்னை ஒரு மாதிரியா பாக்குது. ஊசி பத்திரமா முடிச்சுக்குள்ளயே இருந்துச்சி. தப்பு என்னுது, திட்டட்டும்னு நின்னேன். அவரு பொறுமையா சொன்னாரு: "பெருமாளுக்கு கிரீடம் இருக்கு, இவனுக்கு ஊசியாவது இருக்கட்டும்னு விட்டுட்டேளாக்கும்னு நெனச்சுண்டேன்."

பொட்டலக் கஷாயம்

தனபாலுக்குத் தையல் ஆறுனதும் கீமோ ஆரம்பிச்சாங்க. கட்டிய வெட்டி எடுத்தாச்சு. ஆனா கண்ணுக்குத் தெரியாம எங்கியாச்சும் ஒட்டிக்கினு இருந்தா அது திரும்பி வரக் கூடாதுன்னு ஆறு மாசம் மருந்து ஏத்தணும். வாந்திக்கு மணிக்கட்டுல ஊசி போட எங்களாண்ட வருவாரு. ஒருநாளு அவரு வந்ததும் ரூமே சோம்பு வாசன. மேடம் மோந்து பாத்துட்டு, "இன்னா குடிக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. கன்னியம்மா பெருமையா பையில இருந்து ஒரு பொட்டலத்த எடுத்தாங்க. மில்லுல மெஷின் மாட்ட வந்த சீனாக்காரரு ஊருக்குப் போவும்போது தனபாலுக்குக் குடுத்துட்டுப் போனதாம். பாஷை தெரியாம கைஜாடையிலயே ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாராம். பட்ட, கெழங்கு, காஞ்ச தோலுன்னு உள்ள என்னென்னமோ இருக்குது. "நீங்களும் சீன வைத்தியம், இதுவும் சீன வைத்தியம்னு ஒரு வாரமா வெறும் வயித்துல காச்சிக் குடுக்கறேன் மேடம். நல்லா தெம்பா கீறாரு."

மேடம் பொட்டலத்தத் திருப்பி, அதுல இருந்த சீன எழுத்தப் படிச்சாங்க. இன்னொரு தடவ படிச்சாங்க. "அக்கா, இது மருந்து இல்ல. ஆட்டுக்கறி வேக வெக்கச் சொல்ல போடுற மசாலா." நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கினேன். மேடம் மட்டும் சிரிக்கல. "இது மசாலாவா போச்சு, தப்பிச்சீங்க. நெஜ மருந்தா இருந்து கீமோவோட சண்ட போட்டிருந்தா கல்லீரல் இன்னாத்துக்கு ஆவுறது? நானே குடுத்தாலும் கீழ கேன்சர் டாக்டரக் கேக்காம குடிக்கக் கூடாது"ன்னு கண்டிச்சிட்டாங்க. கன்னியம்மா மொகம் சுருங்கிப் போச்சு. பொட்டலத்த மடிச்சிக்கினே மெதுவா கேட்டாங்க: "அப்ப கறி மட்டும்தான் பாக்கியா மேடம்?"

தட்ட மூடுன நாளு

பாதி கீமோ தாண்டச் சொல்ல தனபாலுக்கு வெரலெல்லாம் மரத்துப் போச்சு. குளிர்ச்சியா எதத் தொட்டாலும் கரண்டு அடிக்குதாம். காச்சுன இரும்புக்கு முன்னாடி இருவது வருஷம் நின்ன மனுசன், பச்சத் தண்ணிக்கு பயந்து டம்ளர துண்டு சுத்திப் புடிக்கிறாரு. ஒருநாளு கீமோ தேதி. கீழ மொத மாடிக்குப் போவாம நேரா எங்க ரூமுக்கு வந்து, சட்டைய கழட்டிட்டுப் படுத்துக்கினாரு. "எனக்கு நல்லா இருக்கறது ஒங்க ஊசியாலதாம்மா. பேஜாரு புடிச்ச அந்த பாட்டிலு இனிமே வாணாம். இதையே வாரம் ரெண்டு தபா போடுங்க."

கன்னியம்மா என்னை வெளிய இஸ்துக்கினு போயி, "அண்ணே, நானு சொன்னா கேக்க மாட்டாரு. இவரு இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?"ன்னாங்க. எந்த வைத்தியருக்குமே காதுல தேன் பாயுற பேச்சு அவரு பேசுனது. மேடம் இன்னா பண்ணப் போறாங்களோன்னு உள்ள வந்தேன். அவங்க ஊசித் தட்ட எடுத்து மூடி போட்டாங்க.

"அண்ணே, என் ஊசி வாந்திய அடக்கும், தூக்கம் குடுக்கும். கேன்சர் திரும்பி வந்தா அதத் தடுக்காது."

"ஒங்க வைத்தியத்து மேல ஒங்களுக்கே நம்பிக்க இல்லியா?"ன்னாரு தனபாலு கோவமா.

"நெறைய இருக்குது. எங்க வரைக்கும்னும் தெரியும். சட்டையப் போடுங்க."

அவரோட கூடவே கீழ எறங்குனாங்க. வெரலு மரத்துப் போறத கேன்சர் டாக்டராண்ட அவங்களே எடுத்துச் சொன்னாங்க. இத்தன நாளா இவரு வாயவே தொறக்கலியாம்! டாக்டரு மருந்து அளவக் கொறச்சாரு. மருந்து ஏற ஆரம்பிச்சதும் மேடம் பக்கத்துல ஸ்டூலு போட்டு ஒக்காந்து மணிக்கட்ட அழுத்திக்கினே இருந்தாங்க. மேல எங்க பேஷண்ட்டு நாலு பேரு காத்துக்கினு இருந்தாங்க. நான்தான் சமாதானம் சொன்னேன். பாட்டிலு பாதி எறங்குனதும் தனபாலு மேடத்தப் பாத்து சொன்னாரு: "தப்பிச்சி ஓடியாந்து ஒங்களாண்ட ஒளிஞ்சா, நீங்களே புடிச்சிக் குடுத்துட்டீங்களேம்மா!"

பெஞ்சுல ஒரு புது ஆளு

அதுக்கப்புறம் அவரு ஒரு தேதியும் உடல. கடைசி ஸ்கேனப் பாத்துட்டு இப்போதைக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. இப்போதைக்குன்ற வார்த்தய கன்னியம்மா காதுலயே வாங்கிக்கல. விஷயத்தச் சொல்ல ரெண்டு பேரும் மூணாவது மாடிக்கு வந்தாங்க. வெரலு இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் கீது, லிஃப்ட்டு பட்டன ரெண்டு தடவ அமுக்குறாரு.

அன்னிக்கு பெஞ்சுல திருவாலங்காட்டுல நெல்லு வெக்கிற ஒருத்தரு ஒக்காந்துகினு இருந்தாரு. ஆபரேஷன் ஆன கையோட யாரோ சொல்லிக் கேட்டு வந்தவரு. "இந்த ஊசியே போதும்ன்றாங்களே, நெசமாவா நைனா?"ன்னு தனபாலக் கேட்டாரு. தனபாலு அவரு பக்கத்துல ஒக்காந்து, தோள் மேல கைய போட்டு சொன்னாரு: "ஊசி சோக்கா வேல செய்யும். ஆனா கீழ ஏத்த வேண்டியத ஏத்திக்கினு மேல வா. இல்லன்னா அந்தம்மா ஒன்னையும் கையப் புடிச்சி இஸ்துக்கினு போவும், மானம் போயிடும்."

வந்த கிராக்கிய மொதல்ல கீழ்மாடிக்குப் போயிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புற கடை எனக்குத் தெரிஞ்சு இந்த ஜில்லாவுலயே எங்க ரூமு ஒண்ணுதான், அப்பவும் பெஞ்சுல எடம் கெடைக்கறதில்ல.