நாட்காட்டிப் பக்கத்தில் ஒரு மீன்சட்டி

என் தங்கை ஜெயசித்ராவால் ஓரிடத்தில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் ஒன்பது வருடம் நின்றே வேலை செய்தாள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஓர் ஆனி மாதம் அந்த வேலையை விட்டாள். வைத்திக்குப்பத்தில் அவள் கணவர் சரத்குமார் கரைக்குக் கொண்டுவரும் மீனைச் சுத்தம் செய்து, வெட்டி, டப்பாவில் அடைத்து, போனில் கேட்பவர்களின் வீட்டுக்கே ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது அவளுடைய திட்டம்.

சரத்குமார் தடுக்கவில்லை. ஒரு கெடு மட்டும் வைத்தார். "ஐப்பசி பொறந்து வர்ற மொத ஞாயித்துக்கெழமைக்கு நாப்பது வீடு புடிச்சிக் காட்டு. இல்லன்னா பேசாம கம்பெனிக்கே போயிடு. தீபாவளி வரைக்கும் உன் எடத்த வச்சிருக்கேன்னு சூப்பர்வைசர் சொன்னாரில்ல?"

சேமிப்பில் ஒரு பகுதியை விளம்பரத்துக்கு ஒதுக்கினாள். இணையப் பக்கங்களின் ஓரத்தில் வருமே, அந்தப் பட விளம்பரம். முதல் தடவை எங்கே வேண்டுமானாலும் காட்டு என்று விட்டுவிட்டாள். பத்து நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைத் தொட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் மூன்று பேர். எங்கெங்கே காட்டியிருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லாம் குழந்தைகளின் விளையாட்டுச் செயலிகள்.

"பலூன் ஒடைக்கிறேன்னு என் வஞ்சிரத்தப் போட்டுக் குத்துதுங்க, அக்கா" என்றாள். சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மட்டும் என் வீட்டுக்கு நான்கு முறை வந்து போனாள்.

அதன்பிறகு எந்தத் தளத்தில் காட்ட வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள். சமையல் குறிப்புத் தளம் ஒன்றைப் பார்த்தாள். அதைப் படிப்பவர்களில் புதுச்சேரிக்காரர்கள் குறைவு. கடைசியில் தினசரி நாட்காட்டித் தளம் ஒன்றில் வந்து நின்றாள். விலை மலிவு. எங்கள் ஊரில் பார்ப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். "காலையில எழுந்ததும் ராகுகாலம் பாக்காத வீடு நம்ம ஊர்ல இருக்கா?" என்றாள். வாய் பிளந்த பெரிய சங்கரா மீன் படத்தைப் போட்டாள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் போன் அடித்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். முத்தியால்பேட்டையிலிருந்து அஞ்சலாட்சி என்ற அம்மாள்.

"ஏம்மா, பெருமாளுக்குத் தளிகை போட நேரம் பாக்கலாம்னு தொறந்தா உன் மீனு வாயப் பொளந்துகினு நிக்குது! உனக்கு நாளு கெழம ஒண்ணும் கெடையாதா?"

"தெரியாமப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சிக்குங்க. நீங்க மீனே சாப்பிட மாட்டீங்களா?"

"யாரு சொன்னது? சட்டியக் கழுவி பரண் மேல கவுத்து வச்சிருக்கேன். பொரட்டாசி முடியட்டும், அப்பறம்தான் எறக்குவேன். எப்படா முடியும்னு வீட்டுக்காரரு தெனம் அந்தக் காலண்டரத்தான் நோண்டிகினு இருக்காரு."

போனை வைத்ததும் ஜெயசித்ரா விளம்பரத்தை நிறுத்திவிட்டாள். மிச்சம் இருந்த பணத்தைத் தொடவில்லை. அடுத்த இரண்டு வாரம் விளம்பரமும் ஓடவில்லை, போனும் அடிக்கவில்லை, அவள்தான் ஓடிக்கொண்டிருந்தாள். கடற்கரைக்குப் போவாள், திரும்பி வருவாள், கழுவிய டப்பாக்களை மறுபடி கழுவுவாள்.

எனக்கே பொறுக்கவில்லை. "கொஞ்சமாவது ஓட விடேன்டி" என்றேன்.

"சாப்பிடாதவங்ககிட்ட காட்டி இன்னா பண்றது? பணந்தான் போவும். முடியப் போற நேரத்துல காட்டணும்" என்றாள். சொல்லும்போதே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி முடிய எட்டு நாள் இருக்கும்போது புதுப் படம் போட்டாள். அதில் மீனே இல்லை. கவிழ்த்து வைத்த ஒரு மண்சட்டி. மேலே 'எப்போது இறக்கப் போகிறீர்கள்?' என்ற கேள்வி. கீழே ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமையின் தேதியும் அவள் எண்ணும். சனிக்கிழமைகளில் மட்டும் அதுவும் வராது.

போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். "அந்தச் சட்டி" என்றே பலரும் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தெட்டு வீடுகள். அதில் இருபத்தேழு வீடுகள் நாட்காட்டி வழியாக வந்தவை.

சரத்குமார் வலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம வூடு ஒண்ணு, அக்கா வூடு ஒண்ணு. நாப்பது ஆச்சா?"

"நம்ம வாயில போட்டுக்கறதெல்லாம் கணக்குல வராதுய்யா" என்றாள்.

ஞாயிறு விடியற்காலை அஞ்சலாட்சி அம்மாள் கூப்பிட்டார். "சட்டி எறங்கிடுச்சி. ரெண்டு கிலோ சங்கரா. தலையக் கழிச்சிடாத."

முப்பத்தொன்பது. நாற்பது கடைசிவரை வரவில்லை. அன்று மாலை காலி டப்பாக்களோடு அவள் திரும்பி வந்தபோது, சரத்குமார் அவற்றை இறக்கி வைத்துவிட்டு, "சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி வர மாட்டேன்னு சொல்லிடு" என்றார். அவள் அதற்கு முதல் நாளே சொல்லிவிட்டிருந்தாள்.

அதன்பிறகு நான்கு வருடம் அந்தச் சட்டிதான் சோறு போட்டது. அமாவாசை, கிருத்திகை அன்று விளம்பரம் நிற்கும். அதற்கு முந்தின நாள் படத்தின் கீழே, வழக்கமான மறுநாள் தேதிக்குப் பதிலாக விரதம் முடிகிற தேதியைப் போடுவாள். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். போன சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தாள். வாழ்க்கையில் அவள் சேர்ந்தாற்போல் படுத்திருந்தது அந்த ஐந்து நாள்தான். ஆறாம் நாள் போய்விட்டாள்.

சரத்குமார் அவள் தொடங்கிய தொழிலை விடவில்லை. அவள் போட்டுவைத்த எதையும் மாற்றவுமில்லை. தேதியை மட்டும் அந்தப் பெண்கள் மாற்றுகிறார்கள்.

அவளுடைய வருஷத் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று பார்க்க இப்போது அந்த நாட்காட்டியைத் திறந்தேன். பக்கத்தின் ஓரத்தில் சட்டி இருந்தது. எப்போது இறக்கப் போகிறீர்கள் என்று கேட்டது. அவள் போனதிலிருந்து என் வீட்டுச் சட்டி பரண் மேல்தான் இருக்கிறது. திதி அடுத்த சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிலோ சங்கரா வேண்டும் என்று அந்த எண்ணுக்கு எழுதிவிட்டேன். எங்கே பார்த்தீர்கள் என்று காலையில் அந்தப் பெண்கள் கேட்பார்கள்.