பிணைக்கு ஆகாத அசனா

மூதூர் அசனா கத்தினால் திருகோணமலைக்குப் போகும் லாஞ்சிப் படகின் இயந்திரச் சத்தம்கூடக் கேட்காது என்பார்கள். 1964ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவளுக்கு வந்த கோபம் சாகும்வரை தணியவில்லை. ஏன் தணிய வேண்டும்?

அவளுடைய தம்பி முத்தலிப் பேராதனையில் படித்து முடித்தவன். இங்கிலாந்தில் கடலியல் படிக்க அவனுக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. நாடு முழுக்க நாலே பேருக்குத்தான் அது. படித்துவிட்டுத் திரும்பி வருவான் என்று காணியுள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். செப்டெம்பர் முதலாம் தேதிக்குள் பத்திரம் கொழும்புக்குப் போகாவிட்டால் இடம் அடுத்தவனுக்கு.

மூதூரில் ஆம்பிளைகள் பேரில் காணி ஏது? வீடும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாய்ப் போகும். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். வாப்பா முஹம்மது தம்பி கல்வீட்டையும் மூன்று ஏக்கர் வயலையும் அசனாவுக்கு எழுதிவிட்டு, அந்த வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தார். புருஷன் சரீபுக்குச் சொந்தமாய் ஒரு சைக்கிள் இருந்தது. அதற்கும் மணி இல்லை.

ஆகவே அசனாதான் காணி உறுதிப் பத்திரத்தைச் சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தம்பியோடு லாஞ்சி ஏறித் திருகோணமலையில் பிணைப் பத்திரம் எழுதும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். பெரிய கிளாக்கர் இரத்தினசிங்கம் உறுதியை விரித்துப் பார்த்தார். பிறகு மடித்து முத்தலிப்பிடம் நீட்டினார்.

“பொம்பிளையளைப் பிணைக்கு எடுக்கிறேல்லை, தம்பி. காணியுள்ள ஆம்பிளை ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“ஆர் போட்ட சட்டம் அது?” என்றாள் அசனா.

“அதுதான் இஞ்ச வழக்கம்.” அப்போதும் அவர் தம்பியைப் பார்த்தே சொன்னார். உறுதிக்குச் சொந்தக்காரி அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

முத்தலிப் அவள் காதருகே குனிந்தான். “ராத்தா, வீட்டை மச்சான்ட பேருக்கு மாத்திக் குடுத்தா...”

“வாயைப் பொத்துடா! உனக்காகப் பிணை நிக்க நான் வந்தனான். என்னை ஆளே இல்லையெண்டு எழுதிக் குடுக்க வரல்ல!” என்று சீறிவிட்டு, கிளாக்கர் பக்கம் திரும்பினாள். “ஐயா, நீங்க இருக்கிற வீடு ஆர்ர பேர்ல?”

தேநீர் கொண்டுவந்த பியூன் சோமசேகரம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். “அது ஐயாட வீட்டம்மாட சீதன வீடெல்லோ.”

கந்தோரே சிரித்தது. இரத்தினசிங்கத்தின் முகம் கறுத்துப் போனது. “வெளியால போங்கோ!” என்று கத்தினார்.

அசனா வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் பெட்டிசம் எழுதுகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லி எழுதுவித்து, பெருவிரலை ஊன்றி, கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அனுப்பினாள். நாள்தோறும் தபால்காரனை மறித்துக் கேட்டாள். செப்டெம்பர் முதலாம் தேதி வந்தது, போனது. முத்தலிப்பின் இடத்தில் வேறு யாரோ கப்பல் ஏறினான்.

“வீட்டை மாத்தித் தந்திருந்தா நான் போயிருப்பன்,” என்றான் தம்பி. அந்தச் சொல்தான் அவளை அறுத்தது. கிளாக்கர் அந்நியன், இவன் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒரு மாதம் இருவருக்குள்ளும் பேச்சு இல்லை.

டிசம்பரில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அதற்குள் முத்தலிப் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருந்தான். அவனே உடைத்து வாசித்தான். கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை லாஞ்சியில் அசனா தனியே போனாள். கந்தோரில் சனம் நிறைந்திருந்தது. யாரும் சொல்லாமலே இரத்தினசிங்கத்துக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிதத்தை மேசையில் வைத்தாள்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க வாசியுங்கோ.”

அவர் முணுமுணுத்தார்: காணியுள்ள எவரும் பிணை நிற்கலாம். ஆண்தான் நிற்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. ஆயினும் இவ்வருடத் தேதி கடந்துவிட்டது.

“பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல,” என்றாள் அசனா. “இன்னொருக்கா வாசியுங்கோ. சத்தமா.”