பிச்சைமணி கட்டிய சாக்கு

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், மாரித்தாயைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்து எடுப்பதில் அவள் ஒன்றும் பெரிய கைகாரி இல்லை. வாய்தான் அவளுக்குக் கைகாரி. காலையில் ஆள் கணக்கெடுத்து மஸ்டர் போடும் இடத்தில் அவள் பேச ஆரம்பித்தால் சூப்பர்வைசரே பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்பார். அப்படிப்பட்டவள் இந்த வருஷம் தையிலிருந்து பாதிப் பேச்சை ஒரு பிக்கப் வண்டியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

வண்டி அவள் அண்ணன் பிச்சைமணியுடையது. கல்யாணம் கட்டாத மனுஷன். ஞாயிற்றுக்கிழமைதோறும் குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கி, மூன்று லயத்துக்கும் வேண்டிய காய்கறி, பலசரக்கு, கோழித் தீவனம் எல்லாம் ஏற்றிக்கொண்டு பொழுது சாயுமுன் மலையேறி வந்துவிடுவான். போன மார்கழியில் ஒரு காலை, டீயைக் குடித்துவிட்டு வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயர் ஓரமாக உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணனுக்குத் தங்கையை விட்டால் ஆளில்லை. வண்டி மாரித்தாய்க்கு வந்தது. அதுவரை அவள் பேருக்கென்று இருந்ததெல்லாம் ஒரு தையல் மெஷினும் இரண்டு ஆடும்தான்.

"வித்துரு. பழைய வண்டி, யானையக் கட்டித் தீனி போட்ட கதையாயிரும்" என்றான் அவள் புருஷன் சின்னமுத்து. தேயிலை ஃபாக்டரியில் இலை காய வைக்கும் பகுதியில் வேலை. நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் கெட்டதிலிருந்து யோசிக்க ஆரம்பிக்கிறவன்.

"எங்கண்ணன் என்னைய இழுத்துட்டுப் போயி லைசென்ஸ் எடுக்க வச்சுது. எதுக்கு, ரேஷன் கடையில காட்டவா?" என்று கேட்டாள் மாரித்தாய்.

லைசென்ஸ் எடுத்தபோது லயமே சிரித்தது உண்மை. அவளும் தோட்டத்து மண் ரோட்டைத் தாண்டி ஓட்டியதில்லை. ஆனாலும் தை பிறந்ததும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டாள். முதல் மாதம் முழுக்க வண்டியின் குணத்தைப் படிப்பதிலேயே போனது. இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். செகண்ட் கியர் மாமியார் மாதிரி, பதமாகக் கேட்டால்தான் இறங்கி வரும். ஹாரன், ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் அடிக்கும். வலப்பக்கம் வருகிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலையில் எழுந்ததும் முகம் கழுவுமுன் பேனட்டைத் தூக்கிவிடுவாள். ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பாள். தண்ணீர் பார்ப்பாள். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை இறக்கிவிடக் கற்றுக்கொண்டாள். புத்தி சொல்ல வந்த ஆம்பளைகளிடம், "சரி அண்ணே, ஒங்க வீட்டு மிக்ஸிய எப்பத் தொடச்சீங்க?" என்று கேட்டு அனுப்பிவைத்தாள்.

அந்த வண்டியில் அவள் யாரையும் தொடவிடாத ஒரு பொருள் இருந்தது. முன்பக்கக் கம்பிவலைக்குப் பின்னால், ரேடியேட்டரை மறைத்த மாதிரி, ஒரு சணல் சாக்கு. ஏலக்காய் வாசம் இன்னும் போகாத சாக்கு. பிச்சைமணி அதை இரண்டாக மடித்து, ஓரம் தைத்து, நான்கு மூலையிலும் நைலான் கயிறு முடிந்து, கொக்கியில் மாட்டியிருந்தான். தூசி தட்டாமல் இருக்கக் கட்டியிருப்பான் என்று அவள் நினைத்தாள். எதற்குக் கட்டினால் என்ன, அது அண்ணன் கைமுடிச்சு. அவன் உடுத்திய வேட்டி, சட்டை, போர்த்திய கம்பளி எல்லாம் கருமாதியோடு ஆற்றில் போயிற்று. அவர்கள் வழக்கம் அது. செத்தவர் உடுப்பு வீட்டில் இருக்கக் கூடாது. சாக்கு உடுப்பில்லையே. அதனால் அது தப்பித்தது. சில காலைகளில் பேனட்டை மூடும் முன் அந்த முடிச்சுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

மாசியில் அண்ணனைப் போல ஞாயிறுதோறும் கம்பத்துக்குப் போக ஆரம்பித்தாள்; தொந்தரவும் கூடவே ஆரம்பித்தது. கம்பத்தில் சரக்கை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால், நாலைந்து வளைவுக்குள் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். முன்னாலிருந்து ஆவி கிளம்பும். ஓரங்கட்டி, பேனட்டைத் தூக்கி, குரங்குகள் தக்காளிப் பெட்டியைச் சுற்றிவர, அவள் கம்போடு காவல் நிற்பாள். வண்டி ஆறியதும் தண்ணீர் ஊற்றி ஏற்றினால், இன்னும் நாலு வளைவில் மறுபடி அதே கதை. லயத்துக்கு வந்து சேரும்போது கீரையெல்லாம் வாடிக் கிடக்கும்.

பீர்மேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜிஜியிடம் கொண்டுபோனாள். ஜிஜி கோட்டயத்துக்காரன், பிச்சைமணியின் சிநேகிதன். வண்டியைக் கழற்றிப் பார்த்தான். தண்ணீர் பம்பை மாற்றினான். ரேடியேட்டரை இறக்கிக் கழுவினான். குட்டிக்கானம் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"சேச்சி, ஒரு கொழப்பமும் இல்ல. முள்ளு அசையவே இல்ல."

அடுத்த ஞாயிறு மலையில் மறுபடி ஆவி. மறுபடி ஜிஜி. வால்வை மாற்றினான், மூடியை மாற்றினான், திரும்ப ஓட்டிப் பார்த்தான். அவன் ஓட்டினால் வண்டி சமர்த்தாக ஓடியது. இவள் ஓட்டினால் கொதித்தது. மாரித்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது. வண்டிக்குக்கூடத் தன்னைப் பிடிக்கவில்லை என்று எண்ண ஆரம்பித்தாள்.

ஜிஜி மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் மாரித்தாய் அந்தச் சாக்கைக் கொக்கியிலிருந்து நைசாகக் கழற்றி, முடிச்சு அவிழாமல் மடித்து, பீரோவுக்குள் வைத்துவிட்டுத்தான் போவாள். கிரீஸ் கை பட்டுவிடக் கூடாதே! திரும்பி வந்ததும் முதல் வேலையாக எடுத்து மாட்டிவிடுவாள்.

லயத்தில் முணுமுணுப்பு கேட்க ஆரம்பித்தது. வாடின காயை எத்தனை வாரம் வாங்குவார்கள்? இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஜீப்பில் சொல்லிவிட்டார்கள். சின்னமுத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னான்.

"இந்தா பாரு மாரி, நாளைக்கும் வண்டி மலையில நின்னுச்சுன்னா அவ்வளவுதான். கூடலூர் சுவக்கீன் பழைய வண்டி ஒடைக்க எடுக்கான்ல, அவன நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லிருக்கேன். ஒத்தையில மலையில நிக்கிற பொம்பளய நெனச்சு எனக்கு ஃபாக்டரியில வேலையே ஓடல."

அவன் பயத்தில் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபப்படவும் முடியவில்லை. வண்டியை உடைக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு மட்டும் சோற்றை இறங்கவிடவில்லை.

மறுநாள் கம்பத்துக்குத் துணையாகப் பெரியம்மாள் வந்தாள். அடுத்த வீட்டுக்காரி, சித்தி முறை. முழங்கால் வலிக்குக் கம்பத்தில் ஒரு எண்ணெய் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு ஏறிக்கொண்டாள். போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். திரும்பும்போது உச்சி வெயில். நாலாவது வளைவிலேயே முள் சிவப்பைத் தொட்டது. மாரித்தாய் ஓரங்கட்டி, டயருக்குக் கல் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பதைப் பார்த்துப் பெரியம்மாளுக்குத்தான் பயம் வந்தது.

வண்டிக்குள் உட்கார முடியாது, அனல். கீழே இறங்கினால் நிற்க முடியவில்லை, முழங்கால். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்காரப் போனாள். அது தோசைக்கல்லாய்ச் சுட்டது.

"ஏட்டி மாரி, முன்னால ஒரு சாக்கு கெடக்குல்லா, அத எடுத்து இந்தச் செவத்துல விரியேன்."

"அது எங்கண்ணன் சாக்கு சித்தி!"

வெடுக்கென்று வந்துவிட்டது. பெரியம்மாள் சேலைத் தலைப்பைச் சுவரில் விரித்து ஒட்டி உட்கார்ந்து, சுட்டதும் எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். அவள் கால்கள் பனங்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தன. மாரித்தாயால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அண்ணன் இருந்தால் கேட்குமுன்பே விரித்திருப்பான். வெட்கமாகிவிட்டது அவளுக்கு. கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, சாக்கை உதறி, சுவரில் போட்டாள்.

"நல்லா உக்காருங்க. நான் ஒரு கிறுக்கி."

"நீ கிறுக்கின்னு எனக்கு இப்பவா தெரியும்" என்றாள் பெரியம்மாள், சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டு.

வண்டி ஆறியது. தண்ணீர் ஊற்றினாள். கிளம்பும்போது சீட்டு ரெக்ஸின் காய்ந்து கொதித்ததால், பெரியம்மாள் சாக்கையும் கையோடு கொண்டுவந்து அடியில் போட்டுக்கொண்டு ஏறினாள். மாரித்தாய் தடுக்கவில்லை. எல்லாம் சாயங்காலம் வரைதானே, பிறகு சுவக்கீன் வரப் போகிறான்.

முதல் வளைவு போனது. இரண்டாவதும் போனது. முன்னால் ஒரு பஸ் முக்கிக்கொண்டு ஏற, அதன் பின்னால் ஊர்ந்தே ஏறவேண்டியிருந்தது. மாரித்தாய் முள்ளைப் பார்த்தாள். பாதியில் நின்றது. விரலால் தட்டிப் பார்த்தாள், கெட்டுப்போய்விட்டதோ என்று. மேலும் செங்குத்தான வளைவுகள் வந்தன. முள் பாதியிலேயே, நல்ல பிள்ளையாக, நின்றது. அப்படியே குமுளி கடைகள் கண்ணுக்குத் தெரிந்தன.

வண்டியை நிறுத்தி இறங்கி முன்னால் போய் நின்றாள். கம்பிவலைக்குப் பின்னால் ரேடியேட்டர் திறந்து கிடந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அவள் உள்ளங்கையை அதன் முன் நீட்டினாள். காற்று அவள் விரலிடுக்கு வழியாக உள்ளே இழுபட்டுப் போனது. தேங்காய் உடைந்த மாதிரி அப்போதுதான் புரிந்தது: இத்தனை நாளும் இந்தக் காற்றைத்தான் சாக்கு அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. போன சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு இதே கம்பிவலையில் மாவிலை கட்டியவள் அவள்தான். அன்றைக்கு அங்கே சாக்கு இல்லவே இல்லை.

ஞாயிறு என்பதால் ஒர்க்‌ஷாப் கிடையாது. ஜிஜிக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"எண்டே சேச்சி! அது தணுப்புக்கு, குளிருக்குக் கெட்டுனது. மார்கழியில காலையில இன்ஜின் சூடாகாது. அதுக்குப் பிச்சைமணி அண்ணன் எல்லா வருஷமும் கெட்டும். வெயிலு வந்தா கழட்டிக் களையும். நிங்க வண்டிக்கு ஸ்வெட்டர் போட்டு, கம்பத்து வெயில்ல மலை கேறச் சொல்லியிருக்கீங்க!"

மாரித்தாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வழிந்தது. குளிருக்கு வண்டி சிரமப்படக் கூடாதென்று கட்டினவன், வெயிலுக்குக் கழற்ற உயிரோடில்லை. அதை அவள் கழற்றியிருக்க வேண்டும். அவன் வேலையில் பாதியைத் தனக்கென்று விட்டுப் போயிருக்கிறான், அதைப் போய்ச் சாமி மாதிரி கும்பிட்டுக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள்.

"என்னட்டி அழுற?" என்று கேட்டாள் பெரியம்மாள் சீட்டிலிருந்து.

"ஒங்க முழங்காலுக்கு மாலை போடணும் சித்தி. நல்லா இருக்கணும் அந்த முழங்கால்."

"அது நல்லா இருந்தா நான் ஏன் ஒன்கூட வாரேன்" என்றாள் அவள்.

லயத்துக்கு வந்தபோது கீரை வாடவில்லை. சின்னமுத்து வாசலில் நின்றான், பக்கத்தில் சுவக்கீன், வண்டியைக் கட்டி இழுக்கக் கயிறெல்லாம் கொண்டுவந்திருந்தான். ஆவி இல்லாமல், சத்தமில்லாமல், பொழுதோடு வந்து நின்ற வண்டியைச் சின்னமுத்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பேனட்டில் கையை வைத்துப் பார்த்தான். பிறகு மனைவி முகத்தைப் பார்த்தான். அவனுக்கு எவ்வளவு நிம்மதி என்று அவன் பெருமூச்சே சொன்னது.

"சுவக்கீன் அண்ணே, அலைய விட்டுட்டோம். கோவிச்சுக்கிடாதீங்க" என்று மாரித்தாய் அவனுக்கு டீ கொடுத்தாள். ஒரு பை கத்தரிக்காயும் கொடுத்து அனுப்பினாள். விட்டுப்போன இரண்டு வீட்டுக்காரர்களும் மறு வாரமே சத்தமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். சின்னமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சரக்கு இறக்க முதல் ஆளாக நிற்க ஆரம்பித்தான்.

சாக்கை அவள் பீரோவில் வைக்கவில்லை. சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

கார்த்திகை கடைசியில் குளிர் இறங்கியது. காலையில் வண்டி இருமி இருமிப் பிடித்தது. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் சூடேறவில்லை. மாரித்தாய் சாக்கை எடுத்தாள். கொக்கியில் மாட்டி இழுக்கும்போது, மாசி வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் வெந்திருந்த கயிறு ஒன்று பொடுக்கென்று அறுந்து, அண்ணன் முடிச்சு கையோடு வந்துவிட்டது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்ப் புதுக் கயிறு எடுத்துவந்து, தன் முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். மூன்று மூலை அவனுடையது, ஒரு மூலை அவளுடையது.

அந்த ஞாயிறு பெரியம்மாளும் கூட வந்தாள். கம்பத்து வெயிலுக்கு முன், குமுளியில் இறக்கம் தொடங்குமிடத்தில் வண்டியை நிறுத்தினாள். இறங்கிப் போய் நான்கு கொக்கியையும் விடுவித்து, சாக்கை மடித்துக் கொண்டுவந்து பெரியம்மாளுக்கு அடியில் போட்டாள்.

"கழட்டிட்டேண்ணே" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

பெரியம்மாள் அவளைப் பார்த்தாள். நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். மாரித்தாய் செகண்ட் கியரைப் பதமாகக் கேட்டாள். அது உடனே இறங்கியது.