காலி சீட்டில் மிதித்த கால்

ஸ்ரீ சிட்டி ஆலையில் வேலை கிடைத்த தெம்பில், பந்தயத்தில் ஓட்ட ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். அதைச் சரிசெய்ய புத்தூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். நரைத்த தலை, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எதைத் தொடுமுன்பும் காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்து நிற்பார்.

பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே புது ரப்பர்களை வைத்து போல்ட்டுகளை முறுக்கினார். பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க அடியில் படுத்தார்.

"பெடல மிதி," என்றார். சற்றுப் பொறுத்து, "போதும், கால எடு."

"மேஸ்திரி, நான் இன்னும் ஏறவே இல்ல. வெளியதான் நின்னுக்கினு இருக்கேன்."

எழுந்து வந்து காலி சீட்டைப் பார்த்தார். பதறவில்லை.

"நல்லாத்தான் மிதிச்சாங்க. இத ரேஸுக்கு எடுக்காத நைனா."

கதவைத் திறந்து பிடித்தபடி, யாரோ இறங்கக் காத்திருப்பவர்போல நின்றார். பிறகு லேசாகத் தலையசைத்துவிட்டுச் சாத்தினார்.

நான் அந்தக் காரை ஓட்டவே இல்லை. அவர் யாருக்குத் தலையசைத்தார் என்று கேட்கவும் துணியவில்லை.