நோயில்லாதவர்களுக்கான ரியூஷன் வகுப்பு

மருத்துவக் காப்புறுதி விற்கிறவளைக் கண்டால் வெள்ளவத்தையில் பென்சன் எடுக்கிறவர்கள் எல்லாரும் திடீரென்று நோய்நொடி இல்லாதவர்களாகிவிடுவார்கள். நேற்று மருந்துக்கடை வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இன்று என்னைக் கண்டதும் பஸ்ஸுக்கு ஓடுவார். சண்டைக் காலத்தில் தோளில் பையோடு கொழும்புக் காலி வீதி வெயிலில் அலைந்து, வயிறு நிறையத் தேநீர் மட்டும் சம்பாதித்துக்கொண்டு வீடு திரும்பிய என் இனத்தாரே, மற்றவர்களுக்கு இது விளங்காது. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

கடல் பார்க்கிற அக்கா

செல்லத்துரை மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஷெல்லடிக்குப் பயந்து மனைவி ராசமணி அக்காவோடு வெள்ளவத்தைக்கு வந்து மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தார். பிள்ளைகள் கனடாவில். "அறுபத்தைந்து தாண்டினால் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து எடுங்கோ அப்பா" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் நச்சரித்து, என்னையும் அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தவர்கள் அவர்கள்தான். மாஸ்டருக்கு அறுபத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ரேடியோவில் பேச்சுவார்த்தை என்று ஒரு சொல் கேட்டால் போதும், "ஊருக்குப் போகப் போறம், பிறகு என்னத்துக்கு?" என்று ஒத்திப்போட்டுவிடுவார். பேச்சுவார்த்தை குழம்பினால் எனக்கு அழைப்பு வரும். நாட்டு நிலவரத்தை என்னைப்போலக் கவனித்த அரசியல்வாதி அப்போது இருந்திருக்க மாட்டார்.

ஒருநாள் சந்தையால் வந்த அக்காவோடு படியேறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். முகம் வெளிறி, மூச்சு இரைந்தது. ஜன்னலால் தெரிந்ததோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி மட்டும். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "டொக்டரிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ அக்கா" என்று கையைப் பிடித்தேன். அவர் மெல்லக் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. நான் கடல் பாக்கிறன், நீர் முன்னால ஏறும்."

கடந்தகால வினாத்தாள்

காப்புறுதிக்கு முன் கம்பனி டொக்டர் ஒரு பரிசோதனை செய்வார். வேறு ஊர்க்காரர்களுக்கு அது வைத்தியம். எங்கள் ஆட்களுக்கு அது பள்ளிக்கூடச் சோதனை. சோதனை என்று வந்துவிட்டால் ரியூஷன் இல்லாமல் முடியுமா? ஏற்கெனவே போய்வந்தவர்களைப் பிடித்து, டொக்டர் என்னென்ன கேட்டார் என்று விசாரித்து, மாஸ்டர் தன் முன்ஹோலில் வகுப்பே தொடங்கிவிட்டார். அந்த ஒழுங்கை வீடுகளில் பென்சன் எடுக்கிற அத்தனை பேரும் கரும்பலகைக்கு முன்னால் கைகட்டி இருந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் மாதிரி விடை ஒன்றுதான்: இல்லை. சீனி வருத்தம்? இல்லை. தலைச்சுற்று? இல்லை. "பொய் சொன்னால் நாளைக்குக் கம்பனி காசு தராது மாஸ்டர்" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சோக்கட்டியைக் காட்டி என்னைப் பின்வரிசையில் இருக்கச் சொன்னார்.

முதல் தொகுதியில் போனவர் ஒரு முன்னாள் தபாலதிபர். வாசலிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். டொக்டர் பாவம், ஆளைச் சுமுகமாக்க நினைத்து, பசி இருக்கிறதா என்றார். இல்லை. நித்திரை வருகிறதா? இல்லை. கலியாணம் கட்டியிருக்கிறீர்களா? அதற்கும் இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த அவருடைய மனைவி கைப்பையை மடியில் இருந்து இறக்கி வைத்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆருக்குப் புட்டு அவிச்சனான்?"

நெல்லி ரசம்

சேருகிறவர்களின் காலைச் சிறுநீரை நானே சேகரித்து ஆய்வுகூடத்தில் கொடுப்பது வழக்கம். கம்பனிச் சிறுபோத்தலை மாஸ்டர் மதிக்கவில்லை. கேட்டதைவிடக் கூட எழுதினால் கூடப் புள்ளி என்ற பழக்கத்தில், ஊரிலிருந்து வந்த நெல்லி ரசக் குளிர்பானப் போத்தலைக் கழுவி, கழுத்துவரை நிரப்பித் தந்தார். சோதனைச் சாவடியில் அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். இளம் ஆமிக்காரன் ஒருவன் என் பையைத் திறந்து, போத்தலை வெளியே எடுத்து, லேபலில் இருந்த நெல்லிக்காய்ப் படத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. மூடியில் கை வைத்ததும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற மற்ற ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிவிட்டான்.

பயத்தில் எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் மறந்துபோக, நடுவீதியில் நின்று நடித்தே காட்ட வேண்டியதாயிற்று. பின்னால் நின்ற பஸ் முழுக்கச் சிரித்தது. அவன் போத்தலை இரண்டு விரலால் பிடித்துத் திரும்பப் பைக்குள் வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

"நோனா, லேபல் களட்டிட்டு வா. எனக்கு சரியான தாகம்."

ஹாஜியாரின் கணக்கு

வகுப்பின் புகழ் கொட்டாஞ்சேனை வரை போய், அங்கே இரும்புக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவரையும் கொண்டுவந்து சேர்த்தது. கடையை மகன்களிடம் விட்டு ஓய்வெடுக்கப் போகிறவர். எந்தத் திட்டம் எடுப்பது என்று ஒரு பின்னேரம் முழுக்க ஆராய்ந்தார். பெரிய திட்டமா, சின்னத் திட்டமா, அறை தனியா, பொதுவா? சாமான் கையில் வராத வியாபாரம் அவருக்குப் பிடிபடவேயில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மகள், இந்த வருஷம் நான் நோய்ப்படல்லேன்டா, அடுத்த வருஷம் ரெண்டு தரம் படுக்க ஏலுமா?"

ஒரே ஒரு பெயில்

கடைசியில் மாஸ்டரும் அக்காவும் டொக்டரிடம் வந்தார்கள். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் இல்லை சொல்லி அமர்க்களமாகத் தேறினார். பிறகு அக்காவுக்குப் பக்கத்தில் சோதனை மேற்பார்வையாளர் மாதிரி நின்றார். படியேறினால் மூச்சு வாங்குமா என்று டொக்டர் கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் டொக்டர்" என்றார்.

"ராசம், கேள்வியை வடிவாய்க் கேளும்" என்றார் மாஸ்டர்.

"வடிவாய்த்தான் கேட்டனான். மூச்சு வாங்குது. நெஞ்சும் நோகுது. கடல் பாக்கிறன் எண்டு நிண்டதெல்லாம் அதுதான். உங்களுக்குச் சொன்னால் பயந்துபோவியள் எண்டு சொல்லேல்லை."

மாஸ்டரின் கையில் இருந்த குடை கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டொக்டர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார். இரண்டு நாள் பிந்தியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். கம்பனி மாஸ்டரை ஏற்றுக்கொண்டு அக்காவை வேண்டாம் என்றது. சத்திரசிகிச்சைக்குப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். தேறி வந்தவரைப் பார்க்கப் போனபோது கரும்பலகை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாஸ்டர் குசினியில் உப்பில்லாத கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினார்.

"இவரின்ரை வகுப்பில நான் ஒராள்தான் பிள்ளை பெயில். பாஸ் பண்ணியிருந்தால் இப்ப படத்தில மாலையோட இருப்பன்."

இத்தனை வருடம் காப்புறுதி விற்றுத் திரிந்து நான் உண்மையிலேயே காப்பாற்றியது ஒரே ஒரு ஆளைத்தான், அதுவும் கம்பனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆளை.