பட்டி இல்லாத மொய்

வத்தலக்குண்டு வட்டாரத்துக் கல்யாணங்களில் மொய் வாசிப்பது என்றால் சேவுகம்பட்டி சோலைமலைதான். ஊர்ப்பெயரை முன்னால் விட்டு, ஆள் பெயரை அதன் பின்னால் நிறுத்தி அவர் மைக்கில் முழங்கினால், மொய் செய்தவர் பந்தியில் இருந்தபடியே நெஞ்சை நிமிர்த்துவார். சொந்த மகள் சுகன்யாவின் கல்யாணத்திலும் மைக்கை அவரே பிடித்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவன் செய்கிற வேலையா என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை.

காரணம் இருந்தது. மாப்பிள்ளைக்குத் திருச்சூர். நிச்சயத்துக்குப் போன இடத்தில், "நாங்க பட்டியில பெறந்து பட்டியில வளந்தவங்க" என்று இவர் பெருமையாகச் சொல்ல, சம்பந்தி வீட்டில் பாதிப் பேர் சமையல்கட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பது ஊர் திரும்பிய பிறகே தெரிந்தது. பந்தல் போட வந்த பீகார்க்காரனிடம் புலம்பினார். அவனோ தங்கள் பாஷையில் பட்டி என்றால் காயத்துக்குக் கட்டுகிற துணி என்றான். ஆகக் கடிப்பதும் பட்டி, கட்டுவதும் பட்டி. சோலைமலைக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் வாழப்போகிற வீட்டில் தன் சனம் கேலிப்பொருளாகிவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

அதனால் மைக்கில் பட்டியை வெட்டினார்.

தொப்பம்பட்டி ஜக்கம்மாளை "தொப்பம் ஜக்கம்மாள்" என்றார். பட்டிவீரன்பட்டிச் சடையாண்டிக்கு இரண்டு பக்கமும் வெட்டு விழுந்து, அவர் "வீரன் சடையாண்டி" ஆனார். மண்டபத்தில் கோபப்படாதவர் அவர் ஒருவர்தான்.

ஜக்கம்மாள் எச்சில் கையோடு வந்து நின்றாள். சோலைமலைக்கு உடன்பிறந்த அக்கா.

"ஏன்டா, கட்டிக்குடுத்த ஊரையே பாதியாக்கிட்டியே, எங்கள அத்துவிடப் பாக்குறியா? மொதல்லருந்து முழுசா வாசி. இல்லேன்னா அம்புட்டுப் பேரும் இப்பவே பஸ் ஏறுறோம்."

வேறு வழியில்லை. சோலைமலை முதலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு பட்டிக்கும் திருச்சூர் வரிசை குலுங்கியது. பட்டிவீரன்பட்டி வந்ததும் அடக்க முடியாமல் வெடித்தே விட்டது. அவர் மொய் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு கவரை நீட்டினாள். இந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் மொய் வைப்பதில்லை என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

"ஊரு?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார் சோலைமலை.

"சேவுகம்பட்டி" என்று மருமகளைக் காட்டினாள் அவள். "என்டெ மோளுடெ ஊரல்லே? சத்தமா சொல்லணும்."

எத்தனையோ ஊரை முழங்கியவர், சொந்த ஊரை முழங்காமல் மைக்கும் கையுமாக அவளைக் கும்பிட்டார். ஜக்கம்மாள்தான் மைக்கைப் பிடுங்கி வாசித்தாள்.